பத்தாவது குண்டு

உலகத்தில் எந்தப் பொருளும் எந்தப் பொருளோடும் நிரந்தரமாக ஒட்டிக்கொள்வதில்லை. பிரிக்கத் தெரியாத மனிதர்கள்தான் இருக்கிறார்கள். மனித குலம் இத்தனை காலமாகக் கவனிக்கத் தவறிய இந்த உண்மையை எபினேசர் ஒரு வியாழக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, கோயமுத்தூரில் ஒரு ரைஃபிள் சங்கத்தின் பட்டறை அறையில், இரண்டு பேர் கொண்ட கூட்டத்தின் முன் வெளியிட்டான். கூட்டத்தில் பாதி டீ குடித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பாதி நசுருதீன், சங்கத்தின் துப்பாக்கி மெக்கானிக். மீதிப் பாதி இளவேனில். பீளமேட்டில் எபினேசரோடு மெக்கானிக்கல் கடைசி வருஷம் படிக்கிறாள். மேஜைமேல் கிடந்த ரைஃபிள் அவளுடையது. லைசென்ஸ் அப்படித்தான் சொல்கிறது.

ஆனால் அது அவள் அண்ணன் ரவிக்குமாருடையது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம் அவன் மூன்றாம் நம்பர் மேடையில் படுத்து ஒன்பது குண்டு சுட்டான். பத்தாவதை நிரப்புவதற்குள் போன் வந்தது. “வந்து சுடறேனுங்க பாய்” என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தான். பெரியநாயக்கன்பாளையம் தாண்டி ஒரு லாரி. லைசென்ஸ் தங்கை பேருக்கு மாற ஒன்றரை வருஷம் பிடித்தது. ரைஃபிளுக்கு மட்டும் அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. இளவேனில் சுட்டால் ஒன்பது குண்டும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கும். பத்தாவது இடது பக்கம் மேலே, வெள்ளைக் காகிதத்தில் போய்த் தனியாக நிற்கும். ஒவ்வொரு தடவையும்.

“ஒம்பது என்னுது. பத்தாவது அவனுது” என்பாள் இளவேனில். சிரிக்க மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாநில அணிக்கான தேர்வுப் போட்டி. இந்த வருஷத்தோடு அவளுக்கு ஜூனியர் வயது முடிகிறது. இதில் விட்டால் விட்டதுதான்.

எபினேசருக்கு நோய் தெரிந்திருந்தது. ரைஃபிளின் மரக்கட்டை காய்ந்து சுருங்கிவிட்டது; குழாயும் விசையும் சேர்ந்த இரும்பு அதற்குள் சரியாக உட்காராமல் ஆடுகிறது. கட்டைக்குள் இரும்புத்தூள் கலந்த எபாக்ஸிப் பசையைப் பூசி, இரும்பை அதில் அழுத்தி ஒரு நாள் விட்டால், அச்சுப் பதிந்தமாதிரி மெத்தை அமைந்துவிடும். ஒரே ஒரு விஷயம்: இரும்பில் ஒட்டாமலிருக்க எதையாவது பூசவேண்டும், ரிலீஸ் ஏஜென்ட் என்பார்கள். அது தவறினால் இரும்பும் மரமும் ஆயுசுக்கும் ஒன்றுதான்.

அந்த ‘எதையாவது’ என்ன என்பதை அவன் ஹாஸ்டலில் ஐந்து பேப்பர் கப்பும் ஐந்து இரும்புத் துண்டும் வைத்து ஆராய்ந்திருந்தான். தேங்காயெண்ணெய் மார்கழிக் குளிரில் பாட்டிலிலேயே உறைந்திருந்ததால் நெய் மாதிரித் தடவ முடிந்தது. ஆனால் இரும்பு மாமியார் வீட்டு மாப்பிள்ளைபோல் கிளம்ப மறுத்துவிட்டது. கிரீஸ் பிரிந்தது, எபாக்ஸி முழுக்கச் சுருக்கம். தரைக்குப் போடும் மெழுகு சுமார். ஷூ பாலிஷ் சுத்தமாகப் பிரிந்தது. ஆனால் அது நசுருதீன் பதினைந்து வருஷமாகப் பயன்படுத்துவது என்பதால் விஞ்ஞானக் காரணங்களுக்காக நிராகரிக்கப்பட்டது. கடைசியில் வென்றது, ஃபைபர் தண்ணித்தொட்டி செய்யும் பட்டறையில் கெஞ்சி வாங்கிய பச்சை திரவம். காய்ந்தால் பாம்புச்சட்டை மாதிரி மெல்லிய தோலாகிவிடும்.

“பாலிஷே போதுந் தம்பி” என்றார் நசுருதீன். “ஆனா எதப் பூசுனாலுஞ் சரி, செத்தவங்க துப்பாக்கின்னா சொல்லிப்போட்டுத்தான் கை வெக்கோணும்.”

“யாருகிட்டங்க?”

“அவங்ககிட்டத்தான்.”

இது இந்தச் சங்கத்து வழக்கம். சுடுகிறவனின் கன்னம் படுகிற இடத்தில் விரல் முட்டியால் மூன்று தட்டு. பேரைச் சொல்லவேண்டும். என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லவேண்டும். அப்புறம்தான் திருகாணியில் கை வைப்பது. ரிட்டயர்டு டி.எஸ்.பி. முதல் டென்டிஸ்ட் வரை எல்லோரும் செய்கிறார்கள். யாரும் பேசிக்கொள்வதில்லை.

எபினேசர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பேனாவை எடுத்தான். “இது என்ன ரிலீஸ் ஏஜென்ட்டுங்க பாய்? எத்தன கோட்டு?”

“மூணு.”

“காயறதுக்கு எவ்வளவு நேரமாகும்?”

“உனக்குக் கொழுப்புக் காயற வரைக்கும்.”

இளவேனில் கட்டைப்பக்கம் கையை நீட்டினாள். “நாஞ் சொல்லிர்றேனே எபி. என்ற அண்ணந்தானே.”

“வேண்டாம். நீ சொல்லி அது பிரிஞ்சுதுன்னா, எதனால பிரிஞ்சுதுன்னு தெரியாமப் போயிரும். சோதனையே கெட்டுப்போகும்.”

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

வேலை என்னவோ குறையில்லாமல் நடந்தது. ஓட்டைகளைக் குழந்தைகள் விளையாடும் களிமண்ணால் அடைத்தான். முட்டுக்கொடுக்கும் இடத்தில் டேப் ஒட்டினான். பச்சை திரவம் மூன்று கோட்டு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. எபாக்ஸியைத் தராசில் நிறுத்துக் கலந்து, அழுத்தி, வழிந்ததை வழித்து, துப்பாக்கி அறையில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குத் திருகாணிகளைக் கழற்றினான். இரும்பு அசையவில்லை.

ரப்பர் சுத்தியலால் தட்டினான். அசையவில்லை. குளிரில் இரும்பு சுருங்கிப் பிரியும் என்று, கேன்டீனில் ஐஸ்கிரீம் பெட்டியிலிருந்து நாற்பது கோன் வெளியேற்றப்பட்டு ரைஃபிள் உள்ளே போனது. நசுருதீன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, உருகிய கோன்களை வீணாகாமல் பார்த்துக்கொண்டார். ஒன்றரை மணி நேரம் கழித்து எடுத்தபோது இரும்பு முழுக்க வெள்ளையாகப் பனி பூத்திருந்தது.

இளவேனில்தான் முதலில் தொட்டாள். தொட்ட கையை எடுக்கவில்லை.

“எபி, இங்க தொட்டுப் பாரு.”

கன்னம் படுகிற இடம். எபினேசர் உள்ளங்கையை வைத்தான். அது சூடாக இருந்தது. வெயிலில் கிடந்த மரத்தின் சூடு இல்லை. காய்ச்சல் பார்க்கக் கை வைக்கும்போது தெரிகிற சூடு.

“மரம் சூட்டைக் கடத்தாது” என்றான். யாரும் அவனைக் கேட்கவில்லை.

இன்னொரு அரைமணி நேரம் தட்டிப் பார்த்தார்கள். பனி உருகிய ஈரத்தில், ஓரத்திலிருந்த பச்சைத் தோல் எபினேசரின் விரல்களில் பிசுபிசுத்தது. கடைசியில் இளவேனில் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “கட்டைய அறுத்துருங்க பாய். இரும்பு தப்பிச்சாப் போதும். யாருகிட்டயாவது பழைய கட்டை வாங்கி மாட்டிச் சுடறேன்.”

“அம்மணி, அவன் மூஞ்சி பட்டுத் தேஞ்ச கட்டை கண்ணு அது.”

“தெரியுமுங்க” என்றாள். குனிந்து அந்த இடத்தில் ஒரு தடவை கன்னத்தை வைத்தாள். பிறகு வெளியே போய் மூன்றாம் நம்பர் மேடையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். நசுருதீன் ரம்பம் எடுக்கப் பின்பக்க ஷெட்டுக்குப் போனார்.

அறையில் எபினேசரும் ரைஃபிளும் இருந்தார்கள். வெளியே மத்தியான வெயில், தென்னை மட்டை ஒன்றுகூட அசையவில்லை. ஷெட்டில் தகரப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ரம்பத்தின் சத்தம், எதன்மேலோ உரசி.

அவன் கதவைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். ஞாயிறு பள்ளியில் ஜெபத்துக்கு முன் செய்வதுபோலத் தொண்டையைச் செருமினான். விரலை மடக்கினான்.

மூன்று தட்டு.

“ரவிண்ணா, நானுங்க. எபினேசருங்க. உங்க தங்கச்சிகூடப் படிக்கறனுங்க.” குரல் அவனுக்கே கேட்கவில்லை. “நேத்தே சொல்லியிருக்கோணுமுங்க. அவ சொல்றேன்னா, நாந்தான் விடலீங்க. தப்பு என்னுதுங்க, அவளுது இல்லீங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள இது வேணுமுங்க. அந்தப் பத்தாவது குண்டு... இனி நீங்க வந்து சுட வேண்டாமுங்கண்ணா. அத அவ சுட்டுக்கட்டுமுங்க.”

ஒன்றும் நடக்கவில்லை. அவன் தட்டிய கையை விரித்துப் பக்கத்தில் வைத்தான், எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளங்கையின் கீழே மரம் குளிர ஆரம்பித்தது. அடிப்பக்கத்திலிருந்து சரசரவென்று, குளத்துத் தண்ணீர்போலக் குளிர்ந்துகொண்டே வந்தது. பிறகு உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். யாரோ ஒரு அறைக்கதவைச் சாத்திவிட்டுப் போனமாதிரி. இரும்பைத் தூக்கினான். வந்துவிட்டது. கட்டைக்குள் எபாக்ஸி கண்ணாடிபோல், ஒரு குமிழிகூட இல்லாமல் பதிந்திருந்தது.

நசுருதீன் ரம்பத்தோடு வாசலில் நின்றார். “எப்படித் தம்பி?”

“ஐஸ் உருகுன தண்ணி உள்ள எறங்கியிருக்குமுங்க. அந்தப் பச்சைத் தோலு தண்ணீல கரையும். கரைஞ்சு விட்டுருச்சு.” எபினேசர் நோட்டைத் திறந்து அதை எழுதவும் செய்தான்.

“கரையும், கரையும்” என்றார் நசுருதீன். அவர் கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னம் படுகிற இடத்தில், விரல் முட்டி அளவில், மூன்று பச்சைக் கறை. பிறகு எபினேசரின் கையைப் பார்த்தார். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அவர் தோளிலிருந்த துணியை எடுத்து மூன்றையும் துடைத்தார். வாசல்பக்கம் திரும்பி இளவேனிலைக் கூப்பிட்டார். அவள் ஓடி வருகிற சத்தம் கேட்டது.

“திருப்பி மாட்டறதுக்கும் சொல்லோணுந் தம்பி. அம்மணி வரட்டும், அவளே சொல்லட்டும். நீ படிச்சவன், உனக்கெதுக்கு இதெல்லாம்” என்று சொல்லிவிட்டு, ரம்பத்தை மாட்டப் போகிறவர்போல் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அந்தச் சுவரில் ஆணியே கிடையாது.

இளவேனில் வாசலுக்கு வர இன்னும் பத்துப் பன்னிரண்டு எட்டு இருந்தது. எபினேசர் கையைப் பேன்ட்டில் துடைத்தான். குனிந்தான். இந்தத் தடவை கறை படியாமல் மெதுவாகத் தட்டினான், மூன்று.