வாசலில் கேட்ட கேள்வி

யுத்தம் முடிந்து கொழும்புத் தோணிகள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தன. கருப்பட்டி வியாபாரி பால்துரை சரக்கோடு தோணி ஏற வேண்டிய காலையில், வாசல்படி தாண்டும் நேரம் பார்த்து அடுக்களையிலிருந்து வந்த அவர் மனைவி சீனித்தாய், “எங்க போறிய, சாப்பிடாம?” என்று கேட்டுவிட்டாள். புறப்படுகிறவரை அப்படிக் கேட்கலாமா? உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். என்ன பிரயோஜனம், வாய் முந்திக்கொண்டுவிட்டது.

பால்துரை திரும்பி வந்து உட்கார்ந்தார். “கடலுக்குப் போறவன எங்க போறன்னு கேக்கியே, ஒனக்குக் கூறு இருக்கா?” என்று சத்தம் போட்டார். தண்ணீர் குடித்துப் பார்த்தார். போக மனசு வரவில்லை. வயிற்றுவலி என்று சொல்லியனுப்பினார். கடையில் அவருக்குக் கூட்டாளியான ராஜதுரை, அவருக்குப் பதிலாக அவசர அவசரமாகத் தோணி ஏறினார்.

அந்தத் தோணி புயலில் கவிழ்ந்தது. ஒருவரும் மீளவில்லை.

செய்தி கேட்டதும் சீனித்தாயின் மனதில் முதலில் வந்த வார்த்தை ‘நல்லவேளை’. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. அதை நினைத்தால் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனால் அந்த வார்த்தை விடுவதாயில்லை. சோறு வடிக்கும்போது வந்தது, புருஷன் சாப்பிடுவதைப் பார்க்கும்போது வந்தது. முருகா முருகா என்று சொல்லிப் பார்த்தாள். ‘முருகா, நல்லவேளை’ என்று முடிந்தது. கடைசியில் புருஷனிடமே சொல்லி அழுதாள்.

“வேண்டாத ஆளு கடைக்கு வந்தா நான் முகங்குடுக்க மாட்டேன். நின்னு பாத்துட்டுப் போயிருவான்,” என்றார் பால்துரை. “நெனப்பும் அப்படித்தான். நீ அத உக்கார வச்சுல்லா பேசுத.”

அவருக்கென்ன, சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். அங்கே ராஜதுரை உட்கார்ந்திருந்த பக்கம் அவர் தலையே திருப்புவதில்லை என்பது ஊருக்கே தெரியும்.

ராஜதுரையின் மனைவி ஆறுமுகத்தாயிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் மனசு அடங்கும் என்று சீனித்தாய்க்குத் தோன்றியது. நன்றாக ஏச்சு வாங்கினால் இன்னும் நல்லது. மத்தியானம் அடுத்த தெருவுக்குப் போனாள்.

ஆறுமுகத்தாய் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். “வா ளா. ஒன் வீட்டுக்காரருக்கு வயித்துவலி தேவலையா?” என்று கேட்டாள்.

சீனித்தாய்க்கு அழுகை பொங்கிவிட்டது. “வயித்துவலியே இல்ல யக்கா. வாசல்ல நான் எங்க போறியன்னு கேட்டுட்டேன். அதான் அவிய போகல. அண்ணாச்சி போனது என்னாலதான். என்னைய ஏசுங்க.”

சொன்னதும் நெஞ்சு லேசாகிவிட்டது. அது லேசானதே வெட்கமாக இருந்தது. தலைகுனிந்து ஏச்சுக்குக் காத்திருந்தாள்.

“கேட்டதும் போகாம நின்னுட்டாவளா?” என்றாள் ஆறுமுகத்தாய் மெதுவாக.

“ஆமா யக்கா.”

ஆறுமுகத்தாயின் கை புளியிலேயே கிடந்தது. “இவிய திடீர்னு சட்டைய மாட்டிக்கிட்டு எறங்குனாவ. எங்க போறியன்னு என் வாய்லயும் வந்துச்சு ளா. சகுனத்தடையாயிருமேன்னு முழுங்கிட்டேன். சிரிச்சிக்கிட்டே அனுப்புனேன். கேட்டிருந்தா நின்னிருப்பாவ, என்ன?”

“அப்படியெல்லாம் நெனைக்காதிய யக்கா,” என்றாள் சீனித்தாய். அதைச் சொல்ல அவளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?