அறுநூறு வாக்கியங்கள்

என் தம்பி பேசுவது இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் புரியும். அந்த ஆள் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் அது பச்சைப் பொய். பிறக்கும்போதே அவனுக்குக் கை, கால், நாக்கு எல்லாவற்றிலும் தசை இறுக்கம். ஒரு வார்த்தை வெளியே வர கழுத்து நரம்பு புடைக்கும். கேட்பவர்கள் முதல் தடவை சும்மா தலையாட்டுவார்கள், இரண்டாம் தடவை என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் சொல்லிவிடுவேன். அவன் இரண்டு வார்த்தை எடுப்பதற்குள் மிச்சத்தை நானே முடித்துவிடுவேன். "இவளுக்கு மட்டும் எப்படித்தான் புரியுதோ" என்று எங்கள் அம்மா கடைசிவரை ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருந்தாள்.

அவனுக்கு இப்போது முப்பத்தைந்து வயது, எனக்கு நாற்பத்து நான்கு. கணக்கில் அவன் புலி. வலது கையில் ஒரே ஒரு விரல் சொன்ன பேச்சு கேட்கும். அதை வைத்து ஒரு வரி தட்ட இருபது நிமிடம். எங்கள் மாடி ஜன்னலிலிருந்து பஸ்களைப் பார்த்துப் பார்த்து, எது எங்கே பிந்துகிறது, ஏன் இரண்டு பஸ் ஒன்றன்பின் ஒன்றாக வந்து தொலைக்கின்றன என்று நான்கு மாதம் உட்கார்ந்து ஏழு பக்கம் தட்டினான். பஸ் நிறுவனத்தில் நேர அட்டவணை போடும் வேலைக்கு ஆள் கேட்டபோது, விண்ணப்பத்தோடு அதையும் சேர்த்து அனுப்பினோம். நேர்முகத் தேர்வுக்கு அழைத்துவிட்டார்கள்.

கடிதத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. விண்ணப்பதாரரே பதிலளிக்க வேண்டும், வேறு யாரும் அவருக்காகப் பேசக் கூடாது. எனக்கு வந்ததே கோபம்! ஆனால் அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. போன வருடம் வேறோர் அலுவலகத்தில் கேட்ட கேள்விக்கெல்லாம் நானே பதில் சொல்லிவிட்டு வந்தேன். "வேலையை அக்காவுக்கே கொடுத்துடலாம் போலிருக்கே" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

அவனுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டர்தான் அந்த இன்ஜினியர் பெண்ணை அனுப்பிவைத்தார். தலையைவிடப் பெரிய ஹெல்மெட்டோடு வந்து இறங்கினாள். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் போனில் பேசினால் எழுத்தாக வரும் வசதியை இவனுக்குப் போட்டுப் பார்த்தோம். இவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசினான். 'எதுவும் கேட்கவில்லை' என்று காட்டியது. அவன் முகம் சுண்டிப்போயிற்று. நான் போனைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தேன்.

"அப்போ மெஷின் நம்மள மாதிரி பேசறவங்களை மட்டும்தான் கேட்டிருந்துச்சுக்கா" என்றாள் அவள். "இது இவர் ஒருத்தர் பேச்சைக் கேட்டே கத்துக்கும். அறுநூறு வாக்கியம் படிச்சுக் கொடுக்கணும், அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். அவள் கொண்டுவந்த லேப்டாப்பின் திரையில் ஒரு வாக்கியம் வரும், அவன் படிப்பான், பதிவாகும். பன்னிரண்டு நாள். பக்கத்தில் தண்ணீர்க் குவளையோடு நான். அறுநூறு முடிந்ததும் சோதித்துப் பார்த்தோம். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அப்படியே எழுதியது. "பார்த்தியா!" என்று துள்ளிக் குதித்து டீ போடப் போனேன். நான் அந்தப் பக்கம் போனதும் அது தலைகால் புரியாமல் எதையோ எழுதியது. திரும்பி வந்து உட்கார்ந்தேன், மறுபடி சரியாக எழுதியது.

இன்ஜினியர் பெண் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பழைய பதிவுகளைக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இதுல ரெண்டு குரல் இருக்கு."

"நான் வாயே திறக்கலைம்மா. தண்ணி கொடுக்கத்தான் உட்கார்ந்திருந்தேன்."

"கேட்டுப் பாருங்க."

சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டுதான் ஹெட்போனை வாங்கினேன். தம்பியின் குரல் கேட்டது. அதற்கு அடியில், அரை வார்த்தை முந்திக்கொண்டு, முணுமுணுவென்று இன்னொரு குரல். என்னுடையது. அடுத்ததிலும் இருந்தது, அதற்கடுத்ததிலும் இருந்தது. என் உதடு அசைவதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மெஷின் பாவம், தெளிவாக இருந்த குரலைப் பிடித்துக்கொண்டுவிட்டது. தம்பியைப் பார்த்தேன். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முதல் நாளே தெரிந்திருக்கும்.

தேர்வுக்கு எட்டே நாள் இருந்தது. மறுபடி முதலிலிருந்து. இந்த முறை நான் வீட்டிலேயே இருக்கக் கூடாது என்று அந்தப் பெண் கறாராகச் சொல்லிவிட்டாள். காலையில் கண் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் என் வேலை முடிந்தாலும் வீட்டுக்குப் போக முடியாது. தெருத் தெருவாக நடந்தேன். பேசாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஏழாம் நாள் மதியம் கூப்பிட்டாள். கதவருகே நின்று பார்க்கலாம், வாயை மட்டும் மூடிக்கொண்டு. தம்பி பேச ஆரம்பித்தான். திரையில் ஒரு சொல் வந்தது, இன்னொன்று வந்தது. தப்பு. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அவன் மூச்சு வாங்கினான். திரையும் சும்மா இருந்தது. அவன் மேலே சொன்னான். அப்போது நடந்ததை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். ஐந்தாவது சொல் வந்ததும், முன்னால் எழுதிவைத்திருந்த முதல் சொல் தானாக மாறியது. பிறகு மூன்றாவது மாறியது. அவன் சொல்லச் சொல்ல, தான் நினைத்தது தப்பு என்று தெரிந்ததும் அது பின்னால் போய்த் திருத்திக்கொண்டது. கடைசியில் ஒரு பிசகு இல்லாத வாக்கியம் திரையில் நின்றது.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "என்னம்மா பண்ணுது அது?" என்றேன்.

"முழுசா கேட்டு முடிக்கிறவரைக்கும் எதையும் முடிவு பண்ணாதுக்கா" என்றாள், ஏதோ சாதாரண விஷயம் போல. எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

தேர்வு நாள் காலை பத்து மணிக்கு நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். லேப்டாப்பில் வருவது அவர்கள் பார்க்கச் சுவரில் பெரிதாகத் தெரியும்படி செய்திருந்தார்கள். என்னைப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கைக்குட்டையை உருட்டிப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள், வேறு வழியில்லை.

நடுவில் இருந்த மேலதிகாரி அம்மா விண்ணப்பத்தைப் புரட்டினார். "சின்ன வயசுலேருந்தே பஸ்ஸுன்னா உங்களுக்கு உயிராமே?" அதை எழுதியது நான்தான்.

தம்பி கழுத்தை நிமிர்த்தினான். நிமிடக் கணக்கில் ஆயிற்று. சொற்கள் சுவரில் ஒவ்வொன்றாக வந்தன, மாறின, நின்றன.

"இல்லீங்க. எனக்கு ஏழு வயசு இருக்கும்போது அக்கா என் நாற்காலியை ஜன்னல்கிட்ட தள்ளிட்டுப் போய், பஸ் பார்க்கப் பிடிச்சிருக்கான்னு கேட்டா. பிடிச்சிருக்கு, ஆனா வெயில் கண்ணுல அடிக்குதுன்னு சொல்ல வந்தேன். பிடிச்சிருக்குன்னதுமே அவ சந்தோஷமா சமையலறைக்குப் போயிட்டா. இருபத்தெட்டு வருஷமா பார்த்துட்டு இருக்கேன். பார்த்த வரைக்கும் சொல்றேன், உங்க பதினாலாம் நம்பர் பஸ் பிந்தறதுக்கு டிரைவர் காரணம் இல்லீங்க. நீங்க போட்ட அட்டவணைதான்."

மூன்று பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீரும் வந்தது. எனக்குப் பெரிதாகப் பட்டது அந்த வெயில் இல்லை. அவன் பேசிய நீளம். என்னிடம் அவன் இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் பேசியதே இல்லை. அவனால் அவ்வளவுதான் முடியும் என்று இருந்துவிட்டேன். இவனுக்குள் இப்படி வளைந்து நெளிந்து, கேலியெல்லாம் பண்ணிக்கொண்டு போகிற வாக்கியங்கள் இருந்திருக்கின்றன. ஒரு மணி நேரம் பேசினான். யாரும் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. முடிவில் அந்த அம்மா எழுந்து வந்து, "திங்கட்கிழமை வேலைக்கு வந்துடுங்க" என்று அவனிடமே சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக அவன் நாற்காலியை ஜன்னலிலிருந்து இழுத்துச் சுவரோரம் போட்டேன். லேப்டாப்பை அவன் முன்னால் வைத்தேன்.

"வேற என்னென்ன இருக்கு? எல்லாத்தையும் சொல்லித் தொலை" என்றேன்.

"டீயில சர்க்கரை ஜாஸ்தி" என்று திரையில் வந்தது.

"அப்புறம்?"

அவன் கழுத்தை என் பக்கம் திருப்பினான். பிறகு ஆரம்பித்தான்.

"உனக்கு வெளியூர்ல நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைச்சுதே. போகட்டுமாடான்னு என்கிட்ட கேட்ட."

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவனுக்குப் பதின்மூன்று. கேட்டது ஞாபகம் இருக்கிறது. அவன் முகம் கோணி, கண் கலங்கி, 'கஷ்டம்' என்று ஒரு வார்த்தை சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. நான் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு "போகலைடா, போகவே மாட்டேன்" என்று அழுதேன். அன்றே கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். என் பிள்ளை போல நான் வளர்த்தவன் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டான், அதற்கு மேல் என்ன படிப்பு என்று இத்தனை வருடமும் அதை ஒரு பெருமையாகத்தான் வைத்திருந்தேன்.

திரையில் சொற்கள் வந்துகொண்டிருந்தன. "நீ இல்லாம எனக்குக் கஷ்டம்தான், ஆனா நீ போய்ப் படிச்சுட்டு வான்னு சொல்ல வந்தேன். நீ கஷ்டம் வரைக்கும்தான் கேட்ட. அப்புறம் ஒரு மாசம் சொல்லிப் பார்த்தேன். நான் வாயைத் திறந்தாலே நீ போகமாட்டேன் போகமாட்டேன்னு அழுத."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவன்மேல் இல்லை, மெஷின்மேலும் இல்லை. என்மேல். இருபத்திரண்டு வருடத்தை நானே பாதியில் வெட்டி நானே முடித்து வைத்திருக்கிறேன். தலையில் அடித்துக்கொள்ளலாமா, அவன் காலில் விழலாமா என்று தெரியாமல் தரையில் உட்கார்ந்தேன்.

அவன் தொண்டையைச் செருமினான். இன்னும் முடிக்கவில்லை.

"இப்பவும் நீ" என்று வந்து நின்றது. அதற்கு அடுத்து என்ன வரும் என்று எனக்கு நூறு தோன்றியது. ஒன்றையும் சொல்லவில்லை.

"இப்பவும் நீ போகலாம்க்கா. இப்பவும் எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்."

"இந்த வயசுல எங்கடா போறது?" என்றேன்.

அதற்கு அவனிடம் பதில் இருந்தது. மூச்சை உள்ளே இழுத்தான். நான் காத்துக்கொண்டிருந்தேன்.