வெல்ல முடியாத மனம்

எங்கள் பயிற்சிக் கூடத்தில் வகுப்பு ஆரம்பிக்கும் முன் சுவரில் எழுதியிருப்பதைப் பார்த்து நின்றுகொண்டு ஐந்து உறுதிமொழிகளைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மரியாதை, நேர்மை, விடாமுயற்சி, தன்னடக்கம். ஐந்தாவது, வெல்ல முடியாத மனம். ஆறு வருடமாக இதைத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். கறுப்புப் பட்டைத் தேர்வில் மூன்றாவது தடவையும் தோற்றுவிட்டு, வாசலில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அன்றுதான் எனக்கு உறைத்தது. வெல்ல முடியாத மனம் என்றால் ஜெயிக்கத் துப்பில்லாத மனம் என்றும்தானே அர்த்தம்? இத்தனை நாளும் தோல்வியை நானாகவே வேண்டிக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. சிரிக்காமல் கேட்டுக்கொண்டார், அது ஒன்று அவரிடம் நல்ல குணம்.

"அக்கா, அது யாராலயும் வெல்ல முடியாத மனம்."

"அப்ப அந்த 'யாராலயும்'ங்கிறதையும் சேர்த்து எழுதி வைங்க மாஸ்டர். அரைகுறையா எழுதினா எங்கள மாதிரி ஆளுங்க என்னன்னு புரிஞ்சுக்கிறது?"

"அதுக்கு இடம் இல்லக்கா. ஃபேன் சுவிட்சு வந்துடுச்சு."

அவர் சொன்னது உண்மைதான். முதலில் சுவிட்சு வந்ததா, உறுதிமொழி வந்ததா என்று தெரியாது, ஆனால் சுவிட்சுக்குத்தான் இடம் கிடைத்திருக்கிறது.

நான் தோற்ற காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். தேர்வில் நாம் யாரையும் ஜெயிக்க வேண்டியதில்லை. தரையில் ஒரு சதுரம் போட்டிருக்கும். அதற்குள் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். பாதி நேரம் ஒருவர் வந்து அடிப்பார், மீதி நேரம் இன்னொருவர். கோட்டைத் தாண்டக் கூடாது. முகத்துக்கு முன்னால் வைத்த காவல் கையை இறக்கக் கூடாது. இறக்கினால் ஒரு எச்சரிக்கை. மூன்று எச்சரிக்கை வாங்கினால் கதை முடிந்தது. அடி வாங்குவது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அடிக்கவும் தெரியும், என் கால் நன்றாகவே மேலே போகும். ஆனால் அது போய் யார் மேலாவது பட்ட உடனே என் இரண்டு கையும் இறங்கிவிடும், வாய், "ஐயோ, பட்டுடுச்சா?" என்று கேட்டுவிடும். நானாகச் செய்வதில்லை. தும்மல் வருவது போல அதுவாக வருகிறது. மூன்று தேர்வு, ஒன்பது எச்சரிக்கை, ஒன்பதும் இதற்குத்தான். கடைசி தடவை எதிரே நின்ற, எங்களோடு பயிலும் பல் டாக்டர், "லேசாத்தான் பட்டுது மேடம்" என்று பதில் சொல்லிவிட்டு, அதே மூச்சில் என் காதோடு சேர்த்து ஒரு உதை விட்டார். மனுஷர் ஆறு நாள் பல்லைப் பிடுங்கிவிட்டு, ஏழாவது நாள் பல்லை உடைக்க வருவார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். நான் என் அண்ணன் வீட்டில் இருக்கிறேன்.

அண்ணனை நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது. என் வீட்டுக்காரர் இன்னொருத்தியோடு போன மறுநாள் வண்டி பிடித்துக்கொண்டு வந்து, என்னையும் என் துணி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு வந்தவர். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. இப்போது முப்பத்தொன்பது. இன்றைக்கும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார். அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே அடித்தளத்தில் சலவைப் பிரிவில் எனக்கு வேலை வாங்கித் தந்தார். காலையில் ஸ்கூட்டரில் கூட்டிப் போவார், மாலையில் கூட்டி வருவார். என் போனுக்கு ரீசார்ஜ் அவர்தான். எனக்குச் செருப்பு வாங்குவதும் அவர்தான், அளவு கேட்காமலேயே சரியாக வாங்கி வருவார். வீட்டில் என் அறை ஜன்னலைத் திறந்தால் படிக்கட்டு தெரியும், ஏறுகிறவர்கள் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள் என்று அதற்கு அவரே பலகை அடித்துத் தந்தார். அண்ணி ஒரு நாள், "உங்கண்ணன் என்னை இப்படிப் பாத்துக்கிட்டா நான் எப்பவோ ஓடிப்போயிருப்பேன்" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். அவரைத் திட்டுவதற்கு உருப்படியாக ஒரு காரணம் கிடைக்காதா என்று பதினொரு வருடமாகத் தேடுகிறேன். கிடைத்தால் ஒரு சண்டை போட்டுவிட்டாவது மூச்சு விடலாம்.

சலவைப் பிரிவுக்கு ஜன்னலே கிடையாது. நாள் முழுக்க ஆவி. ஈரப் படுக்கை விரிப்பின் ஒரு மூலையை நானும் மறு மூலையை ரேடியோவும் பிடித்துச் சூடான உருளைக்குள் விட வேண்டும், அந்தப் பக்கம் அது காய்ந்து மடிப்போடு வரும். ரேடியோ என்பது என் ஜோடிக்கு நாங்கள் வைத்த பெயர், வாய் ஓயாது. வெளியே மழையா வெயிலா என்பதே தள்ளுவண்டி கொண்டுவருகிறவர்கள் சொன்னால்தான் தெரியும். சர்க்கரை கூடுகிறது, உடம்பை அசைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதால்தான் அண்ணன் என்னை இந்தப் பயிற்சிக் கூடத்தில் சேர்த்துவிட்டார். வாரத்தில் மூன்று நாள் வாசலில் இறக்கிவிட்டு, கீழே டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டு காத்திருப்பார். மேலே என்ன நடக்கிறது என்று ஆறு வருடத்தில் ஒரு நாளும் வந்து பார்த்ததில்லை. கையைக் காலை வீசுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நானும் அப்படியே நினைக்க விட்டுவிட்டேன்.

நாலாவது தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால் இரண்டு விஷயம் சேர்ந்து வந்தன.

மாஸ்டர் சொன்னார், "அக்கா, பொண்ணுங்க ஸ்கூல் ஒண்ணுல பயிற்சி ஆசிரியை கேக்கிறாங்க. முழு நேர வேலை. உங்க பேரைத்தான் சொல்லியிருக்கேன். ஆனா கறுப்புப் பட்டை இருந்தாதான் எடுப்பாங்க. ஞாயித்துக்கிழமை நின்னுட்டீங்கன்னா அடுத்த மாசம் சேந்துடலாம். இல்லேன்னா வேற ஆளு தயாரா இருக்கு."

"மைதானம் இருக்கா மாஸ்டர்?"

"பெரிய மைதானம்கா. ஒரு பக்கம் வேலியே இல்ல."

அன்று மாலையே அண்ணன் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். சலவைப் பிரிவில் சூப்பர்வைசருக்கு அடுத்த இடம் காலியாகிறதாம். பத்துப் பேரைப் பிடித்துப் பேசி எனக்கே முடித்துவிட்டாராம். ஐந்து வருட ஒப்பந்தம், இடையில் விட முடியாது. திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. "இனிமே நீ விரிப்பு தூக்க வேணாம் பாப்பா. கண்ணாடி ரூம்ல உக்காந்துகிட்டு எண்ணிக்கை எழுதினா போதும்." அந்தக் கண்ணாடி அறை எனக்குத் தெரியும். அதே அடித்தளத்தின் நடுவில் இருக்கிறது, உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் கதவைத் திறக்க முடியாது. ஆனால் அவர் கண்ணில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, சரிண்ணா என்று சொல்லித் தொலைத்தேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அவரிடம் மாட்டேன் என்று சொல்ல என்னால் முடிந்ததே இல்லை. கையில் ஒரு பட்டையும் வேறு ஒரு வேலையும் இருந்தாலாவது வாய் வரும் என்று நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை கீழே டீக்கடை பூட்டியிருந்தது. கடைக்காரருக்கு யாரோ சொந்தக்காரர் தவறிவிட்டார். அண்ணன் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சரி, நானும் மேல வந்து உக்காந்துக்கிறேன்" என்று என் பின்னாலேயே படியேறினார்.

தேர்வு எடுக்க வெளியிலிருந்து மூன்று நடுவர்கள் வந்திருந்தார்கள். அவர்களில் வழுக்கைத் தலை நடுவர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்த குடும்பத்தாரைப் பார்த்துச் சொன்னார்: "யாரும் சதுரத்துக்குள்ள கால் வைக்காதீங்க. தேர்வுக்கு நிக்கிறவங்களைச் சேந்தவங்க உள்ள வந்தா, அவங்க தோத்ததா அர்த்தம்." அண்ணன் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

முதல் ஒன்றரை நிமிடம் எனக்கு எதிரே டிக்கெட் அக்கா. பஸ்ஸில் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸில் பிடிக்காமல் நின்று பழகிய கால் அவளுக்கு, தள்ளவே முடியாது. நன்றாகத்தான் போனது. பிறகு என் உதை ஒன்று அவள் விலாவில் சரியாக விழுந்தது. "ஐயோ, பட்டுடுச்சா?" முதல் எச்சரிக்கை. டிக்கெட் அக்கா தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

மணி அடித்தது, பல் டாக்டர் வந்தார். உயரமான மனுஷர், என்னைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போய் மூலையில் வைத்தார். மூலை என்றால் இரண்டு பக்கமும் கோடு, முன்னால் அவர். நான் எந்தப் பக்கம் தோளைத் திருப்பினாலும் அந்தப் பக்கம் அவர் கால் வந்தது. தலைக்கவசத்துக்குள் என் மூச்சு எனக்கே அனலாக அடித்தது. ஒரு இடைவெளி தெரிந்தது, அவர் வயிற்றில் விட்டேன். அவர் "ம்" என்று மடங்கினார். "ஐயோ, பட்டு" வரைக்கும் வந்துவிட்டது, கையும் இறங்கிவிட்டது. இரண்டாவது எச்சரிக்கை. இனி ஒன்று வந்தால் கண்ணாடி அறைதான்.

"நாப்பது செகண்டு" என்று யாரோ கத்தினார்கள். அடுத்த உதை என் வாயில் விழுந்தது. ஒரு முழங்கால் தரையில் பட்டது. உதடு கிழிந்து, தரையில் சொட்டியதைப் பார்த்துதான் ரத்தம் என்று தெரிந்தது. எழுந்தேன். மறுபடி மூலை. மறுபடி ஒரு அடி, தோளில்.

"பாப்பா."

நாற்காலி விழும் சத்தம் கேட்டது. அண்ணன் பேப்பரை எங்கேயோ போட்டுவிட்டு ஓடி வந்து, கோட்டுக்கு உள்ளே ஒரு காலை வைத்துவிட்டார். இரண்டு கையையும் விரித்து எனக்கும் டாக்டருக்கும் நடுவில் நீட்டினார். ஐம்பத்தைந்து வயது மனுஷர், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"போதும் விடுங்க சார். அவ தாங்க மாட்டா. வாடா பாப்பா, நாம வீட்டுக்குப் போலாம்."

டாக்டர் நின்றுவிட்டார். நடுவர் நாற்காலியிலிருந்து எழுந்து அண்ணனின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கால் உள்ளே. இன்னொரு கால் கோட்டுக்கு வெளியே குதிகால் தூக்கி நின்றது.

"அண்ணா, வெளிய போங்க."

"ரத்தம் வருதுடா உனக்கு."

"வெளிய போங்கண்ணா."

அவர் கேட்கவில்லை. என் தோளைப் பிடித்து இழுக்க, அந்த இன்னொரு காலையும் தூக்கினார். நான் இரண்டு உள்ளங்கையையும் அவர் நெஞ்சில் வைத்து, என் உடம்பில் இருந்த பலம் அத்தனையும் சேர்த்துத் தள்ளினேன். பின்னால் போய் நாற்காலிகளோடு சேர்ந்து விழுந்தார். முழங்கை சிமெண்டில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. இன்னமும் கேட்கிறது.

'பட்டுடுச்சா' என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கை இறங்கிவிடும். கையைத் தூக்கி முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு திரும்பினேன். டாக்டர் தயங்கினார், அவருக்கும் மனசு வரவில்லை போலிருக்கிறது.

"வாங்க டாக்டர்" என்றேன்.

வந்தார். எத்தனை வாங்கினேன், எத்தனை கொடுத்தேன் என்று ஞாபகம் இல்லை. மணி அடித்த பிறகும் நான் கையை இறக்கவில்லையாம், மாஸ்டர்தான் வந்து பிடித்து இறக்கினார்.

நடுவர்கள் தலையோடு தலை சேர்த்துக் கொஞ்ச நேரம் பேசினார்கள். இரண்டு காலும் உள்ளே வந்தால்தான் வந்ததாக அர்த்தம், ஒரு கால் செல்லாது என்று முடிவானது. பட்டையை மாஸ்டர் கட்டிவிட்டபோது டிக்கெட் அக்கா விசிலடித்தாள். நான் நாற்காலிப் பக்கம் பார்த்தேன். அண்ணன் இல்லை.

கீழே ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்கையில் கைக்குட்டையைக் கட்டியிருந்தார். ஒற்றைக் கையால் கட்டிய முடிச்சு, தளர்ந்து தொங்கியது. நான் பின்னால் ஏறிக்கொண்டேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவரைத் தள்ளியது தப்பு என்று மட்டும் தோன்றவேயில்லை, அதை நினைத்தும் அழுகை வந்தது. வண்டி கிளம்பியதும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஸ்கூல் வேலையைச் சொன்னேன், மைதானத்தைச் சொன்னேன், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன்.

சிக்னலில் சிவப்பு விழுந்து வண்டி நின்றதும் அண்ணன் தலையைத் திருப்பாமலே சொன்னார்.

"சரி பாப்பா. நாளைக்கு சூப்பர்வைசர்கிட்ட நானே பக்குவமா பேசிடுறேன். அந்த ஸ்கூல்லயும் போய் ஒரு வார்த்தை விசாரிச்சிட்டு வந்துடுறேன். நீ எதுக்கும் அலைய வேணாம்."

"வேணாம்ணா. ரெண்டையும் நானே பேசிக்கிறேன்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். என் கிழிந்த உதட்டைப் பார்த்தார். கோபம் இருக்கும் என்று நினைத்தேன், இல்லை.

"அப்ப நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டார்.

நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். பச்சை விழுந்தது, பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தார், அண்ணன் வண்டியை எடுக்காமல் அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.