செயின் நீண்டால் தெரு நீளும்

ரொட்டிக்காரனுடைய மோட்டார் சைக்கிள் செயின் தேய்ந்து நீண்ட வருஷத்தில், ஊரின் தெருக்களும் அதோடு சேர்ந்து நீண்டன. யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டில் தீப்பெட்டி வாங்கப் போனவர்கள் கையோடு குடையும் எடுத்துப் போனார்கள். தபால்காரர் புதுச் செருப்பு கேட்டு மனுப் போட்டார். வெயிலில் தண்டவாளமே நீளும்போது தெரு நீண்டால் என்ன என்று சொல்லிவிட்டு, நகராட்சி இடையிடையே புது விளக்குக் கம்பங்களை நட்டது. அடுப்பிலிருந்து சூடாகப் புறப்பட்ட ரொட்டி, வாங்குகிறவர் கைக்குப் போகும்போது சுத்தியலைத் தேடும் பதத்துக்கு வந்திருந்தது. "ரொட்டி கேட்டா செங்கல்லக் குடுக்கிறியேப்பா" என்றார் பல் டாக்டர். அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

காரணம் செயின்தான் என்று ரொட்டிக்காரனுக்குத் தெரியும். அது தொய்ந்து கடகடவென்று அடிக்கும் நாளில் தெரு இழுபடும். பின்சக்கர அச்சின் இரண்டு பக்கத்து நட்டையும் திருகிச் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்தால் செயின் விறைக்கும், தெருவும் சுருங்கும். மண்ணெண்ணெயில் பிரஷ்ஷை நனைத்து அழுக்கைத் தேய்ப்பான், கண்ணி கண்ணியாக எண்ணெய் விடுவான். தேய்ந்த இரும்பு எண்ணெயில் வளருமா? கடைசியில் நட்டுகள் முனை வரை போய் நின்றுவிட்டன. இனித் திருக இடமில்லை, தெருவோ நீண்டுகொண்டிருந்தது.

இதைச் சரிசெய்ய ஊரில் ஒரு மெக்கானிக் இருந்தான். அவன் ரொட்டிக்காரன் மனைவியின் அண்ணன் என்பதுதான் சிக்கல். கல்யாணத்தன்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், மாப்பிள்ளையின் வண்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, "செயினையே இப்படி வச்சிருக்கிறவன் என் தங்கச்சிய எப்படி வச்சுக்குவான்?" என்று சபை நடுவில் கேட்டுவிட்டான். சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவன் மாப்பிள்ளை, இன்னொருத்தி மணப்பெண். அன்றிலிருந்து இரண்டு ஆண்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தெரு எவ்வளவு நீண்டாலும் அந்தக் கடைப் படியை மிதிப்பதில்லை என்று ரொட்டிக்காரன் வீம்பாக இருந்தான். மனைவிக்கு மாதம் நிறைய நிறைய அவனுடைய வீம்பு கரைந்து பயம் வந்தது. ஆஸ்பத்திரி நாளுக்கு நாள் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

வலி ஒரு மத்தியானம் வந்தது. ஆஸ்பத்திரி வண்டியைக் கேட்டால், வந்து சேரச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். தெரு அவர்களுக்கும் அதே நீளம்தானே. மனைவியைப் பின்னால் உட்கார வைத்து ரொட்டிக்காரன் கிளம்பினான். வேகம் கூடக் கூடச் செயின் தொய்ந்தது. தூரத்தில் தெரிந்த ஆஸ்பத்திரி, கூச்சக்காரர் போலப் பின்வாங்கியது.

"ஏங்க, வண்டிய அண்ணன் கடைக்குத் திருப்புங்க."

"இப்ப அங்க போய் என்னம்மா..."

"திருப்புங்கன்னா திருப்புங்க. உங்க ரோஷத்த நான் வயித்துல சுமக்க முடியாது."

திருப்பினான்.

மெக்கானிக் தங்கையை பெஞ்சில் படுக்க வைத்தான். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் வண்டியின் முன் உட்கார்ந்து, பின்பக்கத்துப் பல்சக்கரத்திலிருந்து செயினைப் பிடித்து இழுத்தான். இடைவெளியில் எதிர்க்கடை முழுசாகத் தெரிந்தது. சக்கரத்தின் பற்கள் கொக்கி போல வளைந்து கிடந்தன. புதுச் செயினை மட்டும் மாட்டினால் பழைய பல் அதையும் தின்றுவிடும் என்பதால், முன் பின் பல்சக்கரங்களையும் சேர்த்து மாற்றினான். விரல் வைத்து அழுத்தினால் அளவாக அசைகிற தொய்வு விட்டான். தெருக்கள் பெருமூச்சு விட்டு தத்தம் பழைய நீளத்துக்கு வந்தன.

பழைய நீளமும் அன்றைக்கு அதிகம்தான். "அண்ணே, என்னால முடியல" என்றாள் தங்கை.

விறைப்பான செயின் வண்டிக்கு எமன் என்று வாழ்நாளெல்லாம் ஊரைத் திட்டிய மெக்கானிக், மறுபடி ஸ்பானரை எடுத்தான். அச்சின் இரண்டு பக்கமும் ஒரே அளவு திருகவேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் கோணிவிடும். வழக்கமாக அவன் ஒருவனே மாறி மாறித் திருகுவான். அன்று அதற்கு நேரமில்லை. இன்னொரு ஸ்பானரை மாப்பிள்ளையிடம் நீட்டினான்.

"ஒரு சுத்து" என்றான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் மாப்பிள்ளையிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"ஒரு சுத்து" என்றான் ரொட்டிக்காரன்.

பலசரக்குக் கடை நகர்ந்து நூலகத்தின் மேல் சாய்ந்தது. இன்னொரு சுற்றில் சலூனும் பள்ளிக்கூடமும் மடங்கின. பாதிச் சவரத்தில் இருந்தவர் முகத்தை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். ரொட்டிக்காரன் அவசரத்தில் கால் சுற்று அதிகமாகத் திருகிவிட்டான். ஆஸ்பத்திரி விலகி மீன் மார்க்கெட் பக்கம் போகத் தொடங்கியது.

"கொஞ்சம் கூடிப்போச்சு மச்சான்."

"பரவால்ல மாப்ள. கால் சுத்து பின்னால வாங்குங்க. பதறாதீங்க, நான் இருக்கேன்."

ஆஸ்பத்திரி வாசல் கடைப் படியில் மெல்ல இடித்து நின்றது. உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்து, "ஏன் இவ்வளவு லேட்டு?" என்று கேட்டபடி தள்ளுவண்டியைக் கொண்டுவந்தாள். மகள் பிறந்தாள். இரண்டு ஆண்களும் கிரீஸ் கையோடு வராந்தாவில் நின்று அழுதார்கள், முகமெல்லாம் கறுப்பாயிற்று.

மறுநாள் தொய்வு விட உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரி தன் இடத்துக்குப் போனது. ரொட்டிக்காரன் வீட்டுச் சன்னல் கடைக்கு நேர் எதிரே வந்த இடத்தில், "இதோட நிறுத்திக்கலாமே மச்சான்" என்றான் ரொட்டிக்காரன். செயின் சீக்கிரம் போய்விடும் என்றான் மெக்கானிக். போகட்டும் என்றான் இவன்.

அப்படியே செயின் சீக்கிரமே போகிறது. ஊரார் கடைக்கு வரும்போது ஒரு சந்து குறைவாக நடக்கப் பழகிவிட்டார்கள். செயின் மாற்றும் நாளில், பழையது கழன்று புதியது ஏறும்வரை, எந்தத் தூரத்தில் நிற்பது என்று தெருக்களுக்கே தெரியாது. ஜனங்கள் வாசலில் காத்து நிற்பார்கள். வேலை எப்போதோ முடிந்திருக்கும். ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருப்பார்கள். பேசி முடிக்கட்டும், அப்புறம் போகலாம் என்று ஊர் நிற்கும்.