இரவல் சால்வை

அலமாரியின் கடைசித் தட்டையும் கலைத்துப் போட்டுவிட்டு மாமியார் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கூடத்தில் அவள் மகள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள்.

“நான் பின்னிக் குடுத்த நீலச் சால்வை எங்க? அதைப் போத்தித்தான் அனுப்புவேன். அவளுக்குக் குளிர் ஆகாது.”

“மியூசியத்துல இருக்கு, அத்தை,” என்றான் அவன்.

மாமியார் நிமிர்ந்து பார்த்தாள்.

துறைமுகத்தை ஒட்டிய அருங்காட்சியகத்தில் பொம்மைகளுக்கு உடை உடுத்தி நிறுத்துவது அவன் மனைவியின் வேலை. அங்கிருந்த பழைய சால்வையைப் பூச்சி அரித்துவிட்டது, வேறு கிடைக்கும்வரை என்னுடையதை இரவல் கொடுத்திருக்கிறேன் என்று போன மழைக்காலத்தில் சொன்னாள். அவன் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினான்.

“நாலு மணிக்கு எடுக்கணும், இப்பவே ரெண்டரை,” என்று சகலை வண்டிச் சாவியை எடுத்தார். துக்க வீட்டில் சும்மா உட்காரத் தெரியாத மனிதர். “வாங்க, போயிட்டு வந்துரலாம்.”

நுழைவுச் சீட்டுக் கொடுக்கும் பெண்ணுக்கு அவனை யாரென்று தெரியவில்லை. “ரெண்டு பேரா?” என்றாள். சகலை வாயைத் திறப்பதற்குள் அவன் பணத்தை நீட்டிவிட்டான்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவன் வந்தது இன்றைக்குத்தான்.

பெரிய நங்கூரம், திமிங்கில விலா எலும்பு, கப்பல் மணி. “துருப்பிடிச்ச இரும்பைப் பாக்கறதுக்குக் காசு வேற,” என்ற சகலை, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கடைசி அறையில், கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு மரச் சன்னல். அதன் வழியே, சுவரில் தீட்டிய கடலைப் பார்த்தபடி ஒரு பெண் பொம்மை நின்றது. நீலச் சால்வை ஒரு தோளிலிருந்து நழுவுகிற மாதிரி இருந்தது. ‘கப்பலுக்குக் காத்திருக்கும் மாலுமியின் மனைவி. சால்வை ஏறக்குறைய நூறாண்டு பழமையானது’ என்றது பலகை.

“நூறு வருஷமா? பின்னின நம்ம மாமியாருக்கே அறுபதுதானே!”

இடுப்புச் சாவிக்கொத்து குலுங்கக் காவலாளி வந்தார். அவள் வீட்டில் கதை கதையாகச் சொல்லும் சாவியண்ணன்; காலையில் மாலையோடு வந்து போனவர். அவன் முகத்தைப் பார்க்காமல் பலகையையே பார்த்தார்.

“போர்டை மாத்தணும், அண்ணே, பொய்யாப் போகுதுன்னு தங்கச்சி புலம்பிக்கிட்டே இருந்துச்சு. மேல இருக்கறவங்க காதுல போட்டுக்கலை.”

“இதை எடுத்துக்கலாமா, அண்ணே? எழுதிக் குடுக்கணுமா?”

“அதோட பொருளு. யாருக்கு எழுதிக் குடுக்கப் போறீங்க?”

கண்ணாடிக் கதவைத் திறந்தார். அவன் ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். எல்லாம் மடிப்புக்குள் ஒளித்துக் குத்தியவை. சால்வை கையோடு வந்தது.

அடியில் அவனுடைய கட்டம் போட்ட சட்டை.

பொத்தான் அறுந்துவிட்டது, தைத்துக் கொடு என்று அவளை நச்சரித்த சட்டை. பிறகு அது காணாமலே போனது. வீட்டைத் தலைகீழாகப் புரட்டினான். “கால் முளைச்சுக் கடலுக்குப் போயிருக்கும், போய்த் தேடு,” என்று அவள் சிரித்தாள். அதற்கு இரண்டு நாள் பேசாமல் இருந்தான்.

“பொம்மைக்குத் தோள் ஒல்லி, சால்வை நிக்கலை,” என்றார் சாவியண்ணன். “வீட்ல ஒரு பழைய சட்டை கெடக்குன்னு கொண்டாந்து போட்டு விட்டுச்சு.”

“பழசா?” காலையிலிருந்து முதல் தடவையாக அவன் குரல் உயர்ந்தது. “வாங்கி ஒரு வருஷங்கூட ஆகலை, அண்ணே.”

சகலை திரும்பிப் போய் நங்கூரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

“அதையும் கழட்டித் தந்துரட்டுமா?”

“வேணாம். இருக்கட்டும்.”

சால்வையை மடித்துக் கையில் போட்டுக்கொண்டான். மாமியார் காத்திருப்பாள். கிளம்ப வேண்டும். திரும்பும்போது சட்டை மறுபடி கண்ணில் பட்டது.

மேலிருந்து மூன்றாவது பொத்தான் மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரியது. நீல நூலால் தைத்திருந்தது. தைத்து, துளைக்குள் மாட்டியும் விட்டிருந்தது.

சாவியண்ணன் கண்ணாடிக் கதவை மெதுவாகச் சாத்திப் பூட்டினார்.