ஆறாவது மன்றாட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலில் இரண்டாம் மணி அடித்தபோது ரோஸ்லின் இன்னும் தலை பின்னியிருக்கவில்லை. ஈரக் கூந்தலில் ஒரு கிளிப்பை மாட்டிக்கொண்டு, பாட்டுப் புத்தகத்துக்குள் மடித்து வைத்த காகிதம் இருக்கிறதா என்று மூன்றாவது தடவையாகப் பார்த்தாள். இருந்தது. நெஞ்சுதான் இருந்த இடத்தில் இல்லை. தேர் கிளம்பும்போது முழங்குகிற பேண்டு செட் மாதிரி அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

கட்டிலில் கிடந்த தம்பி பாக்யராஜ் ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தான். இன்னொரு கண் வீங்கி மூடியிருந்தது.

"அக்கா, வேணாம். உன்னயும் சேத்து நாறடிப்பானுங்க." முன்பல் மூன்று போனதில் பாதி வார்த்தை காற்றாக வந்தது.

"உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா? நீ கஞ்சிய குடிச்சிட்டுப் படு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

நடந்தது வியாழக்கிழமை. பாக்யராஜும் குருவிநத்தத்துப் புகழ்வேந்தனும் உறுவையாற்றுக் கரும்புத் தோட்ட வழியில் பைக்கை நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் நான்கு வருஷப் பழக்கம். எந்த மாதிரிப் பழக்கம் என்று ரோஸ்லினுக்குத் தெரியும். தம்பியைப் பற்றி அவன் எட்டாவது படிக்கும்போதே தெரியும். அவனாகச் சொல்கிற வரை கேட்கக் கூடாது என்று இருந்தாள். சொன்ன அன்று, "சரி, சாப்ட்டியா?" என்றாள். அவளைப் பொறுத்தவரை அதோடு பேச்சு முடிந்தது.

ஊருக்கு முடியவில்லை. பொழுது சாயும் நேரத்தில் மிக்கேல் மகன் ஜெரால்டு இன்னும் மூன்று பேரோடு அங்கே வந்தான். மூவர் கையில் முழுக்கரும்பு, ஒருத்தன் கையில் பைக் செயின். "ரெண்டு ஒம்போதும் இன்னாடா பண்றீங்க எங்க ஊர்ல?" என்று கேட்டது ஒரு தடவைதான். பதில் சொல்ல யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை. புகழ்வேந்தனின் வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. உயிரே போயிருக்கும். அதற்குள் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று லைட்டைப் போட்டுக்கொண்டு வளைவில் திரும்பியது. நாலு பேரும் ஓடினார்கள். டிராக்டரை ஓட்டி வந்தவர் இறங்கி இரண்டடி நடந்தார், பார்த்தார், மறுபடி ஏறிப் போய்விட்டார்.

ஓட்டியவர் சவரிமுத்து. டிராக்டர் மிக்கேலுடையது. அடித்தவனின் அப்பனிடம்தான் அவருக்குச் சம்பளம்.

வெள்ளிக்கிழமை ரோஸ்லின் தவளக்குப்பம் ஜவுளிக்கடைக்கு லீவு சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனாள். "இதப் பாரும்மா, ரெண்டு கோஷ்டி குடிச்சிட்டு அடிச்சிக்கினதா அவங்க ஒரு கம்ப்ளைண்ட் குடுத்திருக்காங்க. உன் தம்பி பேரும் அதுல இருக்குது. பாத்தவங்க யாராச்சும் இருந்தா திங்கக்கிழமைக்குள்ள இட்டுகினு வா. இல்லன்னா ரெண்டு பக்கமும் கேஸ்தான்" என்றார் எஸ்.ஐ.

சனிக்கிழமை காலை சவரிமுத்து வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"நான் இன்னாத்தம்மா பாத்தேன்? லைட்டு வெளிச்சத்துல ஒண்ணும் தெரியல" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. உள்ளே அவர் மனைவி பிலோமினா மீன் அரிந்துகொண்டிருந்தாள். ரோஸ்லின் கேட்டதும் அவள் கை நின்றது, அவர் சொன்னதும் மறுபடி அரிய ஆரம்பித்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அங்கிருந்து நேராகக் கோயிலுக்கு, பங்குச் சாமியாரிடம் போனாள்.

"அடிச்சது பெரிய தப்பு ரோஸ்லின். யாரயும் எந்தக் காரணத்துக்காகவும் வெறுக்கக் கூடாது. நாளைக்குப் பிரசங்கத்துல சகிப்புத்தன்மை பத்தித்தான் பேசப்போறேன். ஆனா, அந்தப் பழக்கம் பாவம்ங்கிறதயும் நாம…"

"சாமி, அவன் பாவபுண்ணியத்த அவன் ஆண்டவர்கிட்ட பேசிக்குவான். அவனுக்கு மூணு பல்லு போச்சு. நான் பல்லுக்காக வந்தேன்."

சாமியார் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கு உங்க அன்பியம்தானே மன்றாட்டு? ஜெபிங்க. தாராளமா ஜெபிங்க. பேரு மட்டும் சொல்லாதீங்க. ஊரு ரெண்டாப் போயிடும்."

"இப்ப மட்டும் ஒண்ணாவா இருக்குது? அடிச்சவன் ஒரு பக்கம், வாங்கினவன் ஒரு பக்கம். நடுவுல நம்ம எல்லாரும் வேடிக்க."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

அந்தக் கோயிலில் இருபது இருபது வீடாகப் பிரித்து அன்பியம் என்று வைத்திருந்தார்கள். வாரம் ஓர் அன்பியத்தின் முறை. பிரசங்கம் முடிந்ததும் அதிலிருந்து ஐந்து பேர் வரிசையாகப் போய் மைக்கில் ஆளுக்கு ஒரு மன்றாட்டு வாசிக்க வேண்டும். ரோஸ்லினுக்கு ஐந்தாவது.

கோயில் வாசலில் அன்பியத் தலைவி ஜெயசுதா டீச்சர் அவளைப் பிடித்துக்கொண்டாள். "எங்க, உன் பேப்பர காட்டு." ரோஸ்லின் அச்சடித்து வந்த மன்றாட்டைக் காட்டினாள். நோயாளிகளுக்காக, முதியோருக்காக. டீச்சர் ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, "ம். இதயே படி. ஒண்ணு கெடக்க ஒண்ணு பண்ணிடாத, தெரிதா?" என்றாள். ரோஸ்லின் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள்.

பிரசங்கத்தில் சாமியார் சொன்னதைச் செய்தார். நம்மைப் போல் இல்லாதவர்களையும் ஏற்றுக்கொள்ள வேண்டும், கல்லெறிய நமக்கு யாரும் உரிமை தரவில்லை என்றார். எல்லோரும் தலையசைத்தார்கள். பின்வாசலில் கதவோரம் நின்றிருந்த ஜெரால்டும் அசைத்தான், பபுள்கம்மை மென்றுகொண்டே. யாரைப் பற்றிப் பேச்சு என்று ஒருவருக்கும் உறைத்த மாதிரி தெரியவில்லை.

பிறகு மன்றாட்டு. திருத்தந்தைக்காக ஒன்று, நாட்டை ஆள்பவர்களுக்காக ஒன்று, மழைக்காக ஒன்று, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக ஒன்று. ஒவ்வொன்றுக்கும் முந்நூறு பேர் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். எதற்காக மன்றாடுகிறோம் என்று யாரும் கவனிப்பதில்லை. 'உம்மை மன்றாடுகிறோம்' என்பது காதில் விழுந்தால் போதும், வாய் தானாகத் திறந்துவிடும். தூங்குகிறவர் வாய்கூட.

ரோஸ்லின் மைக்கின் முன்னால் போய் நின்றாள். அச்சடித்த தாளைக் கீழே வைத்துவிட்டு, பாட்டுப் புத்தகத்தில் மடித்து வைத்ததைப் பிரித்தாள்.

"இரக்கத்தின் ஆண்டவரே! வியாழக்கிழமை மாலை உறுவையாற்று வழியில், ஒருவரை ஒருவர் நேசித்த ஒரே காரணத்துக்காக அடித்து நொறுக்கப்பட்ட எங்கள் பங்கின் பிள்ளை பாக்யராஜையும், அவர் நேசிக்கும் புகழ்வேந்தனையும் உம் கரத்தில் வைக்கிறோம். அவர்கள் உடம்பு தேறவும், எங்கள் நடுவே பயமில்லாமல் வாழவும் அருள்தர வேண்டுமென்று, இறைவா உம்மை மன்றாடுகிறோம்!"

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

முந்நூறு பேர். ஜெரால்டும் சேர்த்து. சொல்லி முடித்த பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்று புரிந்து, வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. "அய்யய்யோ, இன்னாடி படிச்சா?" என்று ஒருத்தி பக்கத்திலிருந்தவளைக் கிள்ளினாள். ஜெயசுதா டீச்சர் இறங்கு இறங்கு என்று கையால் ஜாடை காட்டினாள். முன்வரிசையில் மிக்கேலின் பிடரி சிவந்தது.

ரோஸ்லினுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டாள்.

"இன்னும் ஒண்ணு இருக்குது" என்றாள் மைக்கில்.

"உண்மையின் ஆண்டவரே! அடித்தவர்களைக் கண்ணால் பார்த்தும், வேலை போய்விடுமே, சோறு போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டிருக்கிற எங்களுக்கு, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லும் தைரியத்தைத் தர வேண்டுமென்று, இறைவா உம்மை மன்றாடுகிறோம்!"

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

இந்த முறை எல்லோரும் உஷாராக இருந்தார்கள். மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. ரோஸ்லின் நகரவில்லை. பதில் வராமல் இறங்குவதில்லை என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. பத்து வினாடி. இருபது வினாடி.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒற்றைக் குரல். பிலோமினா எழுந்து நின்றிருந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஆண்கள் பக்கம் திரும்பினாள்.

"யோவ். நீயும் சொல்லுய்யா."

"ஏய், உக்காரு பிலோமி…" சவரிமுத்து உட்கார்ந்த இடத்திலேயே பாதியாகக் குறுகினார்.

"மூணு நாளா தூக்கமில்லாம எங்கிட்ட பொலம்புன இல்ல? நாலு பேரையும் பேர் பேரா சொன்ன இல்ல? எங்கிட்ட சொல்ற வாயி ஆண்டவர் முன்னால ஒட்டிகிச்சா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பின்வாசலில் ஜெரால்டு நின்ற இடம் காலியாக இருந்தது. வெளியே பைக் ஒன்று உறுமிக்கொண்டு கிளம்பியது.

"டேய் சவரி!" என்று மிக்கேல் எழுந்தார்.

"மிக்கேல், உக்காருங்க." பீடத்திலிருந்து சாமியாரின் குரல், மைக்கில், கோயில் முழுக்க. "மன்றாட்டு இன்னும் முடியல."

மிக்கேல் உட்காரவில்லை. ஆனால் அடுத்த வார்த்தையும் பேசவில்லை.

சவரிமுத்து எழுந்தார். "ஆண்டவரே…" என்று ஆரம்பித்துத் தொண்டையைச் செருமி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, முழுதாகச் சொன்னார். அவர் முடிக்குமுன் பெண்கள் பக்கத்தில் இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். ஆண்கள் பக்கத்திலும் அங்கொன்று இங்கொன்று. பாதிக் கோயில் சொல்லவே இல்லை. சொல்லாதவர்கள் உதட்டை இறுக்கிக்கொண்டு முன்னால் பார்த்தார்கள். ரோஸ்லினுக்கு அது போதும்.

பூசை முடிந்ததும் அவள் காத்திருக்கவில்லை, ஆறவிட்டால் மனசு மாறிவிடும் என்று பயம். ஸ்கூட்டியில் சவரிமுத்துவை நடுவில் உட்காரவைத்து, அவர் இறங்கி ஓடிவிடாதபடி பின்னால் பிலோமினா ஏறிக்கொண்டாள். வழி முழுக்க அவர், "வேல போச்சு, வேல போச்சு" என்றபடியே வந்தார். "போனா போவுது, கம்பெனில நைட் வாட்ச்மேன் கேக்குறானுங்க, எனக்கும் நிம்மதி" என்றாள் பிலோமினா. ரோஸ்லின் சிரித்த சிரிப்பில் வண்டி ஒருமுறை ரோட்டை விட்டு இறங்கி ஏறியது.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூவரையும் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"யாரு, பாத்தவரா?"

"நான்தான் சார்" என்றார் சவரிமுத்து. "டிராக்டர் லைட்டுல நல்லாத் தெரிஞ்சிது. எழுதிக்கங்க. செயின் வச்சிருந்தது எங்க மொதலாளி மகன்."

முதல் பேரைச் சொல்லும்போது குரல் நடுங்கியது. இரண்டாவது பேருக்கு நடுக்கம் குறைந்தது. மூன்றாவதுக்கு நிமிர்ந்து உட்கார்ந்தார். நான்காவதைச் சொன்னபோது பிலோமினா குறுக்கே புகுந்தாள்.

"இனிஷியலோட சொல்லுய்யா. அந்தப் பேர்ல நம்ம தெருவுலயே ரெண்டு பேரு இருக்கானுங்க."