மைல்கல்லுக்குச் சொன்னது

...சொல்லியே ஆக வேண்டும், ஆனால் யார் முதலில் வாயைத் திறப்பது, அவளா நானா, என்று யோசித்தபடியே கேங்மேன் குழந்தைவேல் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தண்டவாளத்தின் ஓரமாக நடந்தான். காலையில் டிராலியில் பீப்பாய் பீப்பாயாக வந்த களை மருந்தை, வாயில் துணி கட்டிக்கொண்டு தண்டவாளக் கரையெல்லாம் தெளித்தார்கள். போன மாசியில் என்ஜின் பொறி விழுந்து கரைப்புல் பற்றி, யாருடைய சோளத்தட்டுப் போரோ சாம்பலானதிலிருந்து, செதுக்கினால் போதாது, வேரோடு சாகட்டும் என்று ரயில் கம்பெனி உத்தரவு. இரண்டு நாளைக்குப் புல் பச்சையாகவே நிற்கும், உப்புக் கரிக்கும், அதற்காகவே ஆடுமாடு விரும்பித் தின்னும், தின்றால் பிழைக்காது, ஊருக்கெல்லாம் சொல்லிவிடுங்கள் என்றார் மேஸ்திரி. சொன்னான், மகுடஞ்சாவடிச் சாலை வரைக்கும் வீடு வீடாகச் சொன்னான், தங்கை பொன்னாத்தாள் வீட்டைத் தவிர...

அங்கே எப்படிப் போவது? அவள் மகளுக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும், அன்றைக்குப் பார்த்து மழையில் கரை அரித்து இவன் ஜல்லி கொட்டிக்கொண்டிருந்தான், கொஞ்சம் பொறுத்தாளா, பெரியப்பன் மகன் மடியில் உட்காரவைத்துக் குத்திவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. வேலையைப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாமோ? ஓடியிருந்தால் வேலையே போயிருக்கும்... புருஷனை இழந்தவள், ஐந்தாறு வெள்ளாடுகள்தான் பிழைப்பு, அந்தப் பாலைத்தானே குழந்தையும் குடிக்கிறாள் என்று நினைக்கும்போதே, அதோ, மைல்கல்லுக்கு அந்தப் பக்கம் கரைமேல் ஆடுகள், பின்னால் அவள்.

அவன் மைல்கல்லைப் பார்த்து நின்றான். பேச்சு இல்லாதவர்கள் கல்லிடமோ மாட்டிடமோதானே சொல்லிக்கொள்வது. "ஏனுங்க கல்லே, பச்சையா இருக்குதுன்னு ஆரும் இங்க ஆட்டை உட வேண்டாம், சொல்லிப்போட்டேன்." அவள் ஒரு ஆட்டின் முதுகைத் தட்டினாள். "கேட்டியா புள்ளே, கம்பெனிப் புல்லாமா. நீ தின்னுட்டா ரயிலுக்குப் பசிக்குமாமா." அவனுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கோபமும், கம்பெனிக்குக் காவல் நிற்கிறேன் என்றா நினைத்துவிட்டாள், சரி, கல்லுக்கு இன்னும் எடுப்பாக என்ன சொல்லலாம், சுருக்கென்று தைக்கிற மாதிரி... தேடிக்கொண்டிருக்கும்போதே ஒரு குட்டி குனிந்து புல்லைக் கடித்தது.

"பொன்னாத்தா, வெசம் தெளிச்சிருக்குது."

கோலைப் போட்டுவிட்டுக் குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் புல்லைத் தோண்டி எடுத்தாள், மற்றவற்றைக் கரையிலிருந்து கீழே விரட்டினாள். "எதுவரைக்குமுங்ண்ணா தெளிச்சீங்க? வார வழியெல்லாம் மேஞ்சுதுங்களே."

அண்ணா என்றாளே. எத்தனை நாளாயிற்று இதைக் கேட்டு, அவளாகத்தான் சொன்னாள், நானா கேட்டேன், இனி வீட்டுக்கும் போகலாம், அந்தக் குழந்தையையும் தூக்கலாம்... நெஞ்சு குளிர்ந்துபோய் நின்றான். அவள் மறுபடியும் கேட்டாள். அப்போதுதான் அவனுக்கே உறைத்தது, வழியெல்லாம் மேய்ந்துவிட்ட ஆடுகளைப் பற்றி அவன் இன்னும் நினைக்கவே இல்லை.